உதை

துப்பாக்கிக் கட்டையின் அடியில் ஒரு அங்குலத்தை ரம்பத்தால் அறுத்தெடுத்துவிட்டு, டெல்மர் அதை ஷெல்பியின் தோளில் பொருத்திப் பார்த்தார்.

இப்போது அவள் கழுத்தை நீட்ட வேண்டியிருக்கவில்லை.

மலிவான பம்ப் துப்பாக்கி. அடகுக் கடையில் விலைக்கு வந்ததை அவளே போய் வாங்கிவந்திருந்தாள். நெடிய ஆளுக்கு அளவெடுத்தது போன்ற கட்டை. அடியில் கல்மாதிரி பிளாஸ்டிக். ஞாயிற்றுக்கிழமை மூன்று தோட்டா சுட்டுப் பார்த்ததிலேயே, அது பின்னுக்கு உதைத்த உதையில் அவளுடைய வலது தோள் கன்றிவிட்டது. நாலாவதற்கு விசையை அழுத்துமுன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கோவேறு கழுதையைக் குழாய்க்குள்ள அடைச்சு வித்திருக்கான் பாவி" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவள் எதை அடிப்பாள்? அது அவளுக்கும் தெரியும்.

அந்தத் தோளெலும்பு ஏற்கெனவே ஒருமுறை உடைந்து கூடியது. உடைத்தவன் அவள் புருஷன் ரஸ்ஸல். அதற்காகத்தான் சிறையில் இருந்தான். வெள்ளிக்கிழமை வெளியே வருகிறான்.

அவன் அவளை நெருங்கக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டிருந்தது. ஷெரீப் அலுவலகத்திலிருந்து வந்தவர் நல்ல மனிதர்தான். கூப்பிட்டால் வருவோம், ஆனால் இந்த ஓடைப் பாதைக்கு வந்து சேர முக்கால் மணி நேரமாவது ஆகும், மழை பிடித்துவிட்டால் அதுவும் நிச்சயமில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டுப் போனார்.

ஷெல்பி இரண்டு ஊர் மாறிப் பார்த்தவள். இரண்டிலும் மோப்பம் பிடித்து வந்து நின்றான். இனி ஓட முடியாது என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். டெல்மர் தன் நிலத்துக் கடைசியில், ஓக் மரங்களுக்குக் கீழே கிடந்த டிரெய்லர் வீட்டைச் சுத்தம் செய்து கொடுத்தார்.

திங்கட்கிழமை அவர் சிறைக்குப் போய் ரஸ்ஸலைப் பார்த்தார். அவளை விட்டுவிடு என்று கேட்கத்தான் போனார். கெஞ்சவும் செய்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கன்னத்தில் கைவைத்துப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அந்த டிரெய்லர் கதவுக்கு இன்னும் அதே பழைய பூட்டுதானா?"

டெல்மர் எழுந்து வந்துவிட்டார். வருகிற வழியில் கடையில் வண்டியை நிறுத்தி, கட்டையின் அடியில் வைக்கும் தடித்த ரப்பர் அட்டையையும் உதை குறைவான தோட்டாக்களையும் வாங்கினார்.

அறுத்த இடத்தில் ரப்பரை வைத்துத் திருகினார். விளிம்பு சட்டையில் மாட்டாதபடி தேய்த்து வழித்தார். கட்டை உள்ளே கூடாக இருந்தது. ஈயக் குண்டுகளைப் பழைய காலுறையில் போட்டு இறுக்கிக் கட்டி அந்தக் கூட்டுக்குள் திணித்தார். கனம் கூடினால் உதை குறையும். கன்னம் படும் இடத்தில் பஞ்சு வைத்து நாடா சுற்றினார். சொந்த வீட்டுத் தொட்டில்கூட அவ்வளவு பதமாகச் செய்ததில்லை.

கொல்லை மண்மேட்டில் பலகையைச் சாய்த்து, அதில் ஒரு காகிதத் தட்டைக் குத்தியிருந்தார்.

ஷெல்பி சுட்டாள். பிடியை இழுத்துத் தள்ளி மறுபடி சுட்டாள். தட்டின் ஒரு பக்கம் பிய்ந்து பறந்தது.

வீட்டுக்குள்ளிருந்து நோர்மா எட்டிப் பார்க்கவில்லை. காலையிலிருந்து புருஷன் டெல்மரோடு ஒரு வார்த்தை பேசவில்லை அவள். அடுப்படித் திரையை இழுத்துவிட்டு, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, டி.வி. சத்தத்தைக் கூட்டியிருந்தாள்.

"தலையணையில சாஞ்ச மாதிரி இருக்குப்பா" என்றாள் ஷெல்பி. தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து அவர் பார்த்தது அப்போதுதான். "கண்ணையும் மூடல. பார்த்தீங்கல்ல?"

பார்த்தேன் என்று தலையாட்டினார். செய்ய வேண்டியதையெல்லாம் சரியாகச் செய்துவிட்டார். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஏதாவது ஒன்று சரிப்படாமல் போயிருந்தால் இன்னும் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடந்திருக்கலாம்.

அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தயங்கித் தயங்கி, "தட்டு ரொம்பக் கீழ இருக்குப்பா" என்றாள்.

டெல்மர் நடந்து போய் ஆணியைப் பிடுங்கினார். எந்த உயரத்தில் வைப்பது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. புதுத் தட்டைத் தன் தோளுக்கு நேராகப் பிடித்தார். ரஸ்ஸலின் நெஞ்சு அங்கேதான் வரும். நோர்மாவின் அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் நெட்டை. அவனுக்கும் தாய்மாமன் வாகுதான்.

பிறந்த அன்று நர்ஸ் அவனைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது, அவருடைய முழங்கை மடிப்பில் தொடங்கி உள்ளங்கைக்குள் முடிந்துவிட்டான்.

ஆணியை அடித்தார். தட்டு ஆடுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார்.

பிறகு குறுக்கே நிற்காமல் விலகி வந்தார்.

"சுடும்மா" என்றார்.