பின்சீட்டில் ஒரு பாரம்

மறுபடியும் காரை வேகத்தடையில் ஏற்றி இறக்கினான்.

சத்தம் வரவில்லை.

ஐம்பத்தாறாம் வருடத்து வண்டி. மில் முதலாளியுடையது. அவர் மனைவி பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்தால் மட்டும் அடியில் டொக்கென்று ஒரு சத்தம். ஆள் இல்லாமல் ஓட்டினால் வண்டி ஊமை.

நான்கு நாளாகத் தேடுகிறான். ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்துக் கழுவி, கிரீஸ் வைத்துப் பூட்டினான். பட்டை முனையில் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் புஷ்ஷை மாற்றினான். சாயங்காலத்துக்குள் பிடிபடாவிட்டால் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடுவேன் என்று காலையில் முதலாளி சொல்லிவிட்டுப் போனார்.

இருபத்தாறு வருடமாக அந்த வண்டியை அவனைத் தவிர வேறு கை தொட்டதில்லை.

மணல் மூட்டை ஏற்றிப் பார்க்கலாம். பழைய தோல் சீட்டு, கிழிந்துவிடும்.

பட்டறைக்குத் திரும்பினான். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். வேலை செய்யும் தேங்காய் நார்க் களத்திலிருந்து நேராக, தூக்குப்போசியோடு அவன் மனைவி வந்து நின்றாள்.

சோறு இருக்கட்டும், பின்னால் ஏறு என்றான்.

அவள் செருப்பைக் கழற்றி வெளியே விட்டாள். பாதங்களை ஒன்றோடு ஒன்று தேய்த்துக்கொண்டாள். சேலையை உதறினாள். இன்னொரு தரம் உதறினாள். ஏறினாள்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். அவன் பழுது பார்த்த எந்த வண்டியிலும் அவள் ஏறியதில்லை.

வேகத்தடை.

இப்போது பாரம் இருக்கிறது. அப்படியும் சத்தம் இல்லை.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து மறுபடி ஏற்றினான். கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

வண்டி இறங்கியது. அவள் முகம் இறங்கவில்லை.

நிறுத்தித் திரும்பினான்.

முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவளுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. விடிந்ததிலிருந்து களத்தில் நின்ற கால்கள். நடுங்கிக்கொண்டிருந்தன.

"சீல பூரா நார்த்தூசிங்க. அவங்க உக்கார்ற எடம்."

திட்டத்தான் வாயெடுத்தான்.

"உக்காரு புள்ள. நீ உக்காந்தாத்தான் சத்தம் வரும்."

உட்கார்ந்தாள். முதலில் ஓரமாக. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, முழுதாக. தோல் சீட்டு மெல்லக் காற்றை விட்டது.

வேகத்தடை.

டொக்.

இன்னொரு தடவை.

டொக்.

தெரிந்துவிட்டது. இடது பட்டையின் முன் முனை. புதுப் புஷ்ஷுக்குள் தேய்ந்துபோன பழைய போல்ட்டையே போட்டுப் பூட்டியிருந்தான். பாரம் விழுந்தால் அசைகிறது. அரை மணி நேர வேலை. வண்டி கோயம்புத்தூருக்குப் போகாது.

பட்டறைக்குத் திரும்பும் வளைவு வந்தது.

கண்ணாடியில் பார்த்தான். அவள் சாய்ந்திருந்தாள். கைகள் மடியில் விரிந்து கிடந்தன. காற்றில் முடி முகத்தில் விழுந்தது. ஒதுக்கிக்கொள்ளவில்லை.

"இன்னும் கெடைக்கலீங்களா?"

இல்லை என்று தலையாட்டினான்.

வளைவைத் தாண்டி, புதிதாகப் போட்ட ரோட்டுக்கு வண்டியை விட்டான்.

அந்த ரோட்டில் ஆறு மைலுக்கு ஒரு வேகத்தடைகூடக் கிடையாது.