முகமூடி விருந்து

"பாருடி, உங்க அண்ணனைச் சுத்தி எத்தனை பேர்! ராஜா மாதிரி உக்காந்திருக்கான்."

அம்மா கைப்பேசியை அவள் மூக்குக்கு நேராக நீட்டினாள். காலையிலிருந்து இதே பாட்டுதான்.

வேலை கிடைத்து வெளியூர் போன அண்ணன், தன் பிறந்தநாள் விருந்தை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான். நடுவில் அவன். மேஜையைச் சுற்றிக் கரடி, நரி, பூனை, ஆந்தை என்று காகித முகமூடி மாட்டிய நண்பர்கள். ஒருவர் கை தட்ட, ஒருவர் ஆட, பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது.

"முகத்தை மூடிக்கிட்டு என்னம்மா பார்ட்டி?"

"இப்ப அதுதான் நாகரிகமாம். உனக்கு ஏன்டி எரியுது?"

எரியத்தான் செய்தது. அப்பாவின் முட்டிக்குத் தைலம் தேய்க்க அவள். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக அவள். போன மாதம் வந்த அவளுடைய பிறந்தநாள் மட்டும் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அவனுக்கோ, போன இடத்திலெல்லாம் கூட்டம்!

"சாயங்காலம் சித்தி வர்றா. டிவியில போட்டுக் காட்டணும். கொஞ்சம் சுருக்கிக் குடு, குட்டி. உன் வேலைதானே அது?"

விளம்பரப் படங்களுக்கு எடிட்டிங் செய்பவள் அவள். வீடியோவைக் கணினியில் ஏற்றினாள். எங்கே கும்மாளம் அதிகமோ அங்கேதான் முதலில் நறுக்கணும் என்று கறுவிக்கொண்டு மெதுவாக ஓட்டினாள்.

கேக்கை எடுக்க நரி கையை நீட்டியது. மேஜையின் பாதியில் விரல்கள் காணாமல் போயின. கத்தியால் சீவினாற்போல ஒரு நேர்க்கோடு.

நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு நாற்காலியாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு அண்ணனை அழைத்தாள்.

"என்னண்ணா பண்றே?"

"ஃப்ரெண்ட்ஸ் வந்திருக்காங்க குட்டி. ஒரே ரகளை."

மின்விசிறியின் கடகடப்பைத் தவிர அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"வீடியோ பார்த்து அம்மா சந்தோஷப்பட்டாங்களா?"

"ரொம்ப. எனக்கே பொறாமையா இருந்துச்சுண்ணா."

அவன் சிரித்தான். அவளால் முடியவில்லை. போனை வைத்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தாள். கரடிக்கும், பூனைக்கும், ஆந்தைக்கும் ஆடும்போது இடது தோள் ஒரே மாதிரி தூக்கிக்கொண்டது.

கேமராவை அசையாமல் நிறுத்தி, சட்டையும் முகமூடியும் மாற்றி மாற்றி, நாற்காலிக்கு நாற்காலி ஒருவனே போய் உட்கார்ந்து எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டியிருந்தான். அந்த விருந்துக்கு வந்த அத்தனை பேரும் அண்ணன்தான்.

"குட்டி, சித்தி வந்தாச்சு! முடிஞ்சுதா இல்லையா?"

"இரும்மா," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நரியோட கை வெட்டுப்பட்டிருக்கு. யாருக்கும் தெரியாம ஒட்டிட்டு வந்துடுறேன்."