நாற்காலி போட்ட பேங்க்

குணசுந்தரிக்கு ரோஷம் மருந்துக்கும் கிடையாது என்று ரமணி முடிவு கட்டிவிட்டாள்.

பின்னே? மலேசியாவின் பீடோங் டவுனில் ஒரே ஒரு பேங்க் இருந்த காலத்தில், ஆப்பக்கடைக்கு லோன் கேட்டுப் போனவளை, ரப்பர் தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்க வரிசையாக நிறுத்துகிற மாதிரி நிற்க வைத்தார்கள். "சம்பளச் சிலிப் இல்லாத ஆளுக்கு லோன் இல்ல, போ!" என்று எல்லார் முன்னாலும் விரட்டினார்கள்.

எதிரே புது பேங்க் வந்ததும் ஜனமெல்லாம் அங்கே தாவிவிட்டது. ரமணிக்கே தையல் மெஷினுக்கு ஜாமீன் கேட்காமல் லோன் கொடுத்தார்கள்.

குணசுந்தரி மட்டும் பழைய பேங்க்கையே பிடித்துத் தொங்கினாள். போதாததற்கு, இன்று தோட்டத்துப் பெண்கள் நாலு பேரைக் கணக்குத் திறக்க அங்கே கூட்டிக்கொண்டு வேறு வந்திருந்தாள். அதில் பிரேமாவதி, அடுத்த மாதம் முறுக்கு வியாபாரத்துக்குப் புது பேங்க்கில் லோன் கேட்க இருப்பவள்.

ரமணி வாசலிலேயே மறித்தாள்.

"ஏன்க்கா, கமிஷன் ஏதும் தர்றானா?"

"ஒரு சென் கூட இல்ல. நகரு."

"ஆள் வராம இழுத்து மூடப் போறான்லா! உங்க வயித்தெரிச்சல்தான் பலிக்குது. மூடட்டுமே!"

"மூட விடமாட்டேன்."

"பிரேமாவையாவது விடுங்கக்கா. அவளுக்கு அங்க கெடைக்கிற லோனக் கெடுத்துறாதீங்க."

குணசுந்தரி பிரேமாவதியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். விடுவாளா ரமணி? அவளும் பின்னாலேயே நுழைந்தாள்.

அன்றைக்கு விரட்டிய அதே அதிகாரி யோகேந்திரன் எழுந்து நின்றார்.

"வாங்கக்கா, உக்காருங்க."

தன் கையாலேயே நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

ரமணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. குணசுந்தரியின் காதோரம் குனிந்தாள்.

"நடிப்பப் பாத்தீங்களா? எதிர்ல ஒரு பேங்க் வரவும் மரியாதையும் வந்துருச்சு. இவனப் போயி காப்பாத்துறீங்களே!"

"இவன யாரு காப்பாத்துறா?"

குணசுந்தரி கண்ணாடிக் கதவு வழியாக எதிர் பேங்க்கைக் காட்டினாள்.

"அங்க உனக்கு ஜாமீன் கேக்காம குடுத்தது உன் மொகத்துக்கா? கேட்டா நீ இங்க வந்துருவேன்னுதான். இவன் மூடிட்டுப் போயிட்டா, அடுத்த மாசம் நம்ம பிரேமா அங்க நின்னுக்கிட்டுதான் பேசணும்."