கொப்பரைக்குக் கற்பூரம்

உள்ளே இருப்பவர்கள்: மருதை, படமெடுக்க வந்திருக்கும் மார்லென், சாவிக்கொத்தோடு காவல்காரன் ஜில்பெர்.

பிரெஞ்சு புழங்கும் தீவொன்றின் பாம்பூ ஊரில் மூடிப்போன சர்க்கரை ஆலை, பிற்பகல். ஒரு காலத்தில் மருதை சாறு காய்ச்சிய செப்புக் கொப்பரை நடுவில் கிடக்கிறது. ஆலை நின்றபின் அதையே சங்கிலியாலும் சுத்தியலாலும் அடித்து, எந்தப் பாட்டிலும் சேராத ஓர் ஓசையை அவர் எழுப்பி வருகிறார். நாளை அதை உடைத்து விற்கிறார்கள். மார்லெனிடம் மிஞ்சியிருப்பது ஒரே சுருள். "தோன்தோன், ஆரம்பிங்க," என்று ஊர் வழக்கப்படி அவரை மாமா என்று அழைத்துச் சொல்கிறாள். கேமரா கரகரக்கிறது. மருதை செருப்பைக் கழற்றுகிறார். கொப்பரையின் விளிம்பில் திருநீறு பூசிக் கற்பூரம் ஏற்றுகிறார். சுடர் செம்பில் நடுங்குகிறது. "அயோ, கொப்பரைக்குக் கல்யாணமா? சீக்கிரம் அடி, தோன்தோன்!" என்று சிரிக்கிறான் ஜில்பெர். "கற்பூரம் அணையட்டும்டா. எரியும்போது அடிக்கக் கூடாது." மெதுவாக எரிந்து அணைகிறது. அவர் சுத்தியலை ஓங்கும்போது கேமராவின் கரகரப்பு நின்றுவிடுகிறது. "ஃபினி," என்கிறாள் மார்லென். "சுருள் தீர்ந்துபோச்சு."

"சத்தம்?"

"அதுவும் சுருள்லதான் பதியும். நீங்க கும்பிட்டது மட்டும் இருக்கு."

மருதை ஓங்கிய கையை இறக்கவில்லை, அடிக்கிறார். கூரைத் தகரம் அதிர்கிறது, உத்தரத்துப் புறாக்கள் சிதறுகின்றன. சங்கிலியைக் கொப்பரைக்குள் இழுக்கிறார், மறுபடி அடிக்கிறார். ஜில்பெர் சாவிக்கொத்தைக் குலுங்காமல் பிடித்துக்கொள்கிறான். மார்லென் ஓடாத கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு முதலில் வெளியேறுகிறாள். செம்பு இன்னும் முனகிக்கொண்டிருக்கிறது. மருதை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டுகிறார். அவருக்குப் பின்னால் ஜில்பெர் கதவைச் சாத்திப் பூட்டுகிறான்.