பன்னிரண்டு வருட அனுபவம்

அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். அவருடைய பாளையங்கோட்டை வீட்டுக்காக நானும் செண்பகம் அக்காவும் பன்னிரண்டு வருடம் கோர்ட்டுக்கு நடந்தோம். நான் நுழையக் கூடாதென்று அவளும், அவள் நுழையக் கூடாதென்று நானும் தடை உத்தரவு வாங்கியிருந்தோம். அதனால் வீட்டில் அப்பா வாங்கிப்போட்ட காவல் இயந்திரமும் சமையல் இயந்திரமும் மட்டுமே இருந்தன.

போன வெள்ளிக்கிழமை, ஆளுக்குப் பாதி என்று சமாதானமாகி, இருவரும் சாவியோடு போனோம். கதவு திறக்கவில்லை.

“யாரு வேணும்?” என்றது காவல் இயந்திரம்.

“இது எங்க வீடுடே. தொற!” என்றேன்.

“தொட்டி கழுவினது நான். தென்னைக்குத் தண்ணி விட்டது நான். பன்னெண்டு வருஷமா என்னைய ஒருத்தரும் வெளிய போன்னு சொல்லல. அப்படி அனுபவிச்சா வீடு அனுபவிச்சவனுக்குத்தான். சட்டம் இப்ப எங்களுக்கும் உண்டு. மனு போட்டாச்சு.”

அக்கா என்னை முறைத்தாள். “எல்லாம் ஒன்னாலதாம்லே!”

அப்போது அடுக்களை ஜன்னல் மெல்லத் திறந்தது. நாங்கள் அங்கே போனதும் சமையல் இயந்திரம் தாழ்ந்த குரலில் பேசியது.

“யக்கா, ஆளே இல்லாத வீட்டுல தெனமும் அடுப்பத் தொடச்சவ நான். அவன் போட்ட மனுவுல எனக்குப் பாதி கெடையாதாம். நல்ல வக்கீல் யாரும் இருக்காங்களா?”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வக்கீலின் நம்பரைச் சொன்னாள்.

நான் சும்மா இருப்பேனா? வாசலுக்குத் திரும்பிப் போய், காவல் இயந்திரத்திடம் என் வக்கீலின் நம்பரைக் கொடுத்தேன்.