வீட்டிலுள்ள கத்தியெல்லாம்

"அண்ணே, போயிடாதீங்க! நேத்தே வரச் சொன்னேன்ல? இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

சைக்கிளைத் திருப்பப் போன சாணைக்காரர் திகைத்துப்போனார். இந்தத் தெருவுக்கே அவர் இன்றைக்குத்தான் முதல்முறையாக வருகிறார். அரைமணி நேரம் தொண்டை வறளக் கூவியதற்கு, இதுவரை ஒரு நாய் மட்டும்தான் பதில் சொல்லியிருந்தது.

"என்னையாம்மா சொல்றீங்க? நான் எப்போ..."

"உங்களைத்தான்." வாசற்படியில் நின்ற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். உதடு சிரித்தது, நெற்றியெல்லாம் வியர்வை.

உள்ளிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. "யார்கிட்ட பேச்சு? அனுப்பிட்டு உள்ளே வா."

"கத்தி தீட்டுறவருங்க. நானே கூப்பிட்டுட்டு நானே போகச் சொன்னா, வாசல்ல நின்னு சண்டை போடுவார். ரெண்டே நிமிஷம்."

ஜன்னல் திரை லேசாக அசைந்தது. பிறகு, "சரி. குழந்தை என்கிட்டயே இருக்கட்டும்."

நான் எங்கே சண்டை போட்டேன் என்று சாணைக்காரருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் காலையிலிருந்து கிடைத்த முதல் வேலை. சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, பெடலை மிதித்தார். சாணைக்கல் கிர்ரென்று சுழன்றது.

முதலில் காய் நறுக்கும் கத்தி வந்தது. அடுத்து இறைச்சி வெட்டும் பெரிய கத்தி. அப்புறம் இரண்டு கத்தரிக்கோல்கள், பழக்கத்தி. ஒவ்வொன்றாக உள்ளே போய் எடுத்து வந்தாள். தீட்டி முடித்ததை அவர் நீட்டியபோது அவள் வாங்கவில்லை.

"உங்க பையிலயே போட்டு வைங்கண்ணே. கடைசியில மொத்தமா வாங்கிக்கிறேன்."

ஐந்தாவது தடவை வந்தபோது அவள் கையிலிருந்த கத்தியில் கடை ஸ்டிக்கர்கூடப் பிரிக்கப்படவில்லை.

"இது புதுசும்மா. தொட்டாலே அறுக்கும். இதுக்கு எதுக்கு சாணை?"

"தெரியும். இருந்தாலும் பிடிங்க."

அதை நீட்டிய கையில், மணிக்கட்டைச் சுற்றி நான்கு விரல் தடம் சிவந்து கன்றிப்போயிருந்தது. பார்த்ததும் சாணைக்காரரின் கால் பெடலில் நின்றுவிட்டது.

நிமிர்ந்தார். கம்பி போட்ட ஜன்னலில் திரை விலகியிருந்தது. ஓர் ஆள் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை.

புருஷன் பெண்டாட்டி சண்டைகள் சாணைக்காரர் பார்க்காததில்லை. ஆனால் அடிவாங்கிய பெண்ணொருத்தி, வீட்டிலிருக்கும் கத்தியை எல்லாம் கூர் போட்டு அடுக்குவதை இப்போதுதான் பார்க்கிறார். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தீட்டிக் கொடுத்த கை இந்தக் கைதானே!

சக்கரத்தைச் சுழலவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் குனிந்தபடியே பேசினார். "தங்கச்சி, உன் வீட்டு விஷயத்துல நான் தலையிடக் கூடாது. ஆனா கோபத்துல எதையும் பண்ணிடாதேம்மா. குழந்தை இருக்கு."

அவள் கண் கலங்கிவிட்டது. "குழந்தைக்காகத்தான் அண்ணே" என்றாள், உதடு அசையாமல்.

"அங்கே என்ன குசுகுசுன்னு?" ஜன்னலிலிருந்து அதட்டல்.

"கூர் போதலைன்னு சொன்னேங்க! இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி." உள்ளே ஓடினாள். கடைசியாக வந்தது நீளமான கத்தி ஒன்று. அதை அவர் கையில் கொடுத்ததும், பெரிய பாரத்தை இறக்கிவைத்ததுபோல் மூச்சுவிட்டாள். "அவ்வளவுதான். அடுப்படியில இனிமே ஒண்ணுமில்லை."

சாணைக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். இதைக் கூராக்கக் கூடாது. கத்தியைத் திருப்பி, தடித்த முதுகைக் கல்லில் அழுத்தினார். இரும்பு அலறியது. பொறி கொத்துக் கொத்தாகப் பறந்தது.

"அம்மா, பூப்பூ!" ஜன்னலில் குழந்தை கத்தியது. "நான் பார்க்கணும்! என்னை விடு!"

அந்த ஆள் வாயைப் பொத்தப் பார்த்தான். குழந்தை கையைக் கடித்துவிட்டு வீறிட்டது. எதிர்வீட்டு மாடியில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. "ஏன் பாப்பா இப்படி அழுவுறா?"

"பொறி பார்க்கணுமாம், அக்கா!" என்று மேலே சொல்லிவிட்டு, அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "ஒரு நிமிஷம் என்கிட்ட கொடுங்க. காட்டிட்டுக் கூட்டிட்டு வந்துடுறேன். இல்லேன்னா தெருவே கூடிடும்."

அவன் பல்லைக் கடித்தான். மாடியைப் பார்த்தான். கதவருகே வந்து குழந்தையை இறக்கிவிட்டான். "படியைத் தாண்டக் கூடாது."

குழந்தை ஓடிவந்த அதே நொடியில் அவள் அதை வாரி எடுத்து, கதவை இழுத்துச் சாத்தி, வெளித்தாழ்ப்பாளைப் போட்டாள். உள்ளேயிருந்து தடதடவென்று உதை விழுந்தது. அந்த வீட்டுக்கு வேறு வாசல் இல்லை.

"ஐயோ, என்னம்மா இது! என்ன இருந்தாலும் புருஷன். பேசித் தீர்த்துக்கலாம், திற!" சாணைக்காரர் பதறிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

அவள் அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"திறக்காதீங்கண்ணே! என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கார். இவன் தண்ணி மீட்டர் பார்க்கணும்னு உள்ளே வந்து, குழந்தை கழுத்தைப் பிடிச்சவன். இவன் கையில ஒரு கத்திகூடச் சிக்கிடக் கூடாதுன்னுதான் எல்லாத்தையும் உங்ககிட்ட கொண்டுவந்து கொடுத்தேன்!"