தரையில் விரித்த தெரு

இத்தாலியின் பார்மா ஊர் நாடக அரங்கில் மேடைப் பின்னணித் திரைத்துணியைத் தரையில் விரித்து, அதன் மேலேயே நடந்துதான் வரைவார்கள். காலில் கம்பளிச் செருப்பு, தடம் விழாது.

எவரிஸ்தோ வரைந்த தெருவில் அன்று காலை வெறுங்கால் தடங்கள் கிடந்தன. சின்னக் கால்கள். இடது சுண்டுவிரல் பதியவில்லை. ஓரத்திலிருந்து போய், மூடியதாக அவன் வரைந்திருந்த கதவோடு நின்றுவிட்டன. திரும்பி வரவில்லை.

அவன் மகள் நீவெஸுக்கும் அந்த விரல் கிடையாது. போன வாரம் காணாமல் போனவள். போலீஸ்காரன் ஆற்றில் தேடினானாம். தேடியிருப்பான்!

"தடத்தை அழிச்சு விடுய்யா. மதியம் திரையைத் தூக்கிக் கட்டணும்," என்றார் மேஸ்திரி காஸ்பரே.

"தூக்காதீங்கண்ணே. தெரு செங்குத்தா நின்னுடும், புள்ள விழுந்துருவா."

"துணியிலிருந்தா? காலையிலேயே குடிச்சிட்டியா?"

எவரிஸ்தோ மண்டியிட்டு, கதவைத் திறந்த கதவாக மாற்றி வரைந்தான். உள்ளே ஒரு விளக்கையும் வரைந்தான். துணியில் வாயை வைத்து, "வந்துரு தாயி, நேரமில்ல," என்று கெஞ்சினான்.

மதியம் கயிற்றை இழுத்தார்கள். திரை எழுந்து நின்றது. தடம் ஒன்றுகூட இல்லை. அவன் திறந்து வரைந்த கதவு மூடியிருந்தது.

"பரவாயில்லையே, பழையபடி மூடிட்டியே," என்றார் மேஸ்திரி.

கதவின் கீழ் இடுக்கில் விளக்கு வெளிச்சம் கசிந்தது. அதை மறித்துக்கொண்டு இரண்டு சின்னக் கால்கள் நின்றன.